கடலில்லாத நாட்டுக்குச் சரக்கு அனுப்புவது எப்படி? கிருஷ்ணகிரி, தருமபுரி ஏற்றுமதியாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரிக்கும் கடல் இல்லை, உகாண்டாவின் கம்பாலாவுக்கும் கடல் இல்லை. ஆனால் காவேரிப்பட்டணத்து மாங்கூழ் ஆலையில் மாலையில் கிளம்பும் கன்டெய்னர் லாரி, வேலூர், ராணிப்பேட்டை வழியாக மறுநாள் காலைக்குள் சென்னைத் துறைமுகத்தை எட்டிவிடும். வழியில் டோல்கேட் உண்டு. எல்லைச் சாவடி இல்லை. கம்பாலாவுக்குப் போகும் அதே பெட்டி கென்யாவின் மொம்பாசாவில் இறங்கி, இன்னொரு நாட்டின் துறைமுகம், சாலை, எடைமேடை, போலீஸ், எல்லை எல்லாவற்றையும் கடந்து 1,100 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

உலகில் கடற்கரை இல்லாத நாடுகள் 44. அவற்றில் 32 வளரும் நாடுகள் என்று ஐ.நா. தனியாகப் பட்டியலிட்டிருக்கிறது. அங்கே 50 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். உலக வணிகத்தில் அவர்களின் பங்கோ ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. தோத்தாபுரிக் கூழ், மெருகிட்ட கிரானைட், புளி, வாகன உதிரிபாகம் என்று நம் இரண்டு மாவட்டங்களிலிருந்து போகக்கூடிய எல்லாவற்றுக்கும் அங்கே தேவை இருக்கிறது. போட்டி குறைவு என்பதால் விலையும் நன்றாகவே பேசுவார்கள். அந்த விலையைப் பார்த்துத்தான் பலர் இறங்குகிறார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான்: விலை பேசுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். சரக்கு யார் யார் கையைத் தாண்டிப் போகிறது? வாங்குகிறவருடைய நாடு எதை விற்று டாலர் சம்பாதிக்கிறது? ஏற்றுமதிக் கோடு எண், ஜிஎஸ்டி உறுதிப் பத்திரம், அபெடா பதிவு போன்றவை எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் ஒன்றுதான். அவற்றை உங்கள் கணக்காளரே முடித்துத் தருவார். இங்கே அவற்றைத் தொடவில்லை.

படி 1: வழியைப் பாருங்கள்

வரைபடத்தைத் திறந்து, அந்த நாட்டுக்கு எத்தனை கதவு இருக்கிறது என்று எண்ணுங்கள். உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் இரண்டு: மொம்பாசா, தான்சானியாவின் டார் எஸ் சலாம். ஜாம்பியாவுக்கு டார் எஸ் சலாம், மொசாம்பிக்கின் பெய்ரா, தென்னாப்பிரிக்காவின் டர்பன், நமீபியாவின் வால்விஸ் பே என்று நான்கு திசையிலும் வழி உண்டு. மலாவிக்கு முக்கியமாகப் பெய்ராவும் நக்காலாவும். மாலிக்கு டக்கார், அபிஜான். நைஜருக்கு 2023 வரை முக்கியமாகப் பெனினின் கொட்டோனூ. மங்கோலியாவுக்குச் சீனாவின் தியான்ஜின். அங்கே ரயில் ஏற்றினாலும் எல்லையில் சிக்கல், ஏனென்றால் சீனத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர், மங்கோலியாவுடையது 1,520. பெட்டியை ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கி வைத்தாக வேண்டும்.

ஒற்றைக் கதவு நாடுகளில் கவனம் தேவை. 1993-இல் எரித்ரியா பிரிந்தபோது எத்தியோப்பியா தன் கடற்கரையை இழந்தது. 1998-இல் இருவருக்கும் போர் மூண்டதும் எரித்ரியத் துறைமுகங்கள் மூடிக்கொண்டன. அன்றிலிருந்து எத்தியோப்பியச் சரக்கில் மிகப் பெரும்பகுதி ஜிபூத்தி என்ற ஒரே துறைமுகத்தை நம்பியிருக்கிறது. அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூத்திக்கு மின்சார ரயில் பாதை போட்டு 2018-இல் வணிகப் போக்குவரத்தைத் தொடங்கினார்கள். வேகம் கூடியது, கதவு ஒன்றாகவே இருக்கிறது. அதுவும் செங்கடலின் வாசலில் இருப்பதால், 2023 இறுதியில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியபோது அந்தப் பக்கம் போகும் கப்பல்களின் காப்பீட்டுக் கட்டணம் எகிறியது.

இரண்டு கதவு இருந்தாலும் ஒன்று எப்போது சாத்தப்படும் என்று சொல்ல முடியாது. கென்யாவில் 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு கலவரம் வெடித்தபோது நைரோபியில் தண்டவாளத்தையே பிடுங்கி எறிந்தார்கள். தேர்தலோடு தொடர்பே இல்லாத உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ராவைப் புரட்டிப் போட்டது. 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அண்டை நாடுகள் எல்லையை மூடின. சரக்கு லாரிகள் மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றன.

கடல் சட்டம் குறித்த ஐ.நா. உடன்படிக்கையின் 125-ஆம் பிரிவு, கடலில்லாத நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமை உண்டு என்கிறது. ஆனால் எந்த விதிமுறைப்படி என்பதை அவை அண்டை நாட்டோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பொலிவியாவைக் கேட்டால் தெரியும்: 1879-இல் தொடங்கிய போரில் சிலியிடம் கடற்கரையைப் பறிகொடுத்தது, கடல்வழி பற்றிப் பேச்சுவார்த்தைக்காவது சிலி வர வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் வரை போனது, சிலிக்கு அப்படிக் கட்டாயம் ஏதுமில்லை என்று 2018 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ஆகவே சட்டத்தை நம்பி லாரி ஏற்றாதீர்கள்.

செய்ய வேண்டியது: வாங்குகிறவரிடம் எந்தத் துறைமுகம், எந்த எல்லைச் சாவடி, அங்கே அவருடைய கிளியரிங் ஏஜென்ட் (சுங்க வேலையை முடித்துத் தருபவர்) யார் என்று எழுத்தில் கேளுங்கள். 'மொம்பாசா, மலாபா எல்லை, ஏஜென்ட் இன்னார்' என்று உடனே பதில் வந்தால் அவர் பழகியவர். 'அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று வந்தால் நீங்கள்தான் அவருக்கு முதல் சோதனை.

படி 2: அந்த நாடு எதை விற்கிறது?

ஒரு நாட்டின் சரக்கு ஏற்றுமதியில் 60 சதவீதத்துக்கு மேல் கனிமம், எண்ணெய், விளைபொருள் போன்ற மூலப்பொருளாக இருந்தால் அதை மூலப்பொருளைச் சார்ந்த நாடு என்று ஐ.நா. வணிக வளர்ச்சி அமைப்பு வகைப்படுத்துகிறது. கடலில்லாத வளரும் நாடுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் வந்துவிடும். ஜாம்பியா என்றால் செம்பு, போட்ஸ்வானா என்றால் வைரம், சாட் என்றால் எண்ணெய், மாலியும் புர்க்கினா பாசோவும் தங்கமும் பருத்தியும், மலாவி புகையிலை.

போட்ஸ்வானா வைரம் விமானத்தில் பறந்துவிடும், அதற்குத் துறைமுகம் தேவையில்லை. சாட் நாட்டு எண்ணெய் 1,070 கிலோமீட்டர் குழாய் வழியாகக் கேமரூன் கடற்கரைக்குப் போய்விடும். நாடு சம்பாதிப்பதற்கு ஒரு வழி, சாப்பிடுவதற்கு வேறு வழி. நம் மாங்கூழும் கிரானைட்டும் போவது அந்த இரண்டாவது வழியில், லாரியில், குண்டும் குழியுமான சாலையில். குழாய்க்கும் சுரங்கத்துக்கும் கிடைக்கும் முதலீடு அந்தச் சாலைக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.

ஜாம்பியாவைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், மற்ற நாடுகளின் கணக்கும் இதிலிருந்தே புரிந்துவிடும். அதன் ஏற்றுமதி வருவாயில் சுமார் 70 சதவீதம் செம்பு. செம்பு விலை ஏறினால் நாட்டுக்குள் டாலர் பாயும், அவர்களுடைய குவாச்சா நாணயம் நிமிரும், உங்கள் வாடிக்கையாளர் நேரத்துக்குப் பணம் கட்டுவார். ஆனால் அதே சமயம் செம்பு ஏற்ற லாரிகளுக்கும் போட்டி வரும். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியில் லாரி வாடகை என்ன ஆகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். செம்பு விலை சரிந்தால் வாடகை இளகும். வங்கியில் டாலர் இருக்காது. 2020 நவம்பரில் ஜாம்பியா தன் வெளிநாட்டுக் கடன் பத்திரத்துக்கான வட்டியையே கட்ட முடியாமல் கைவிரித்தது. ஆக, லாரி வாடகையும் வாங்குகிறவரின் பாக்கெட்டும் ஒரே உலோகத்தில் கட்டப்பட்டிருக்கின்றன. மாங்கூழ் விற்கிற நீங்கள் லண்டன் உலோகச் சந்தையின் செம்பு விலையைப் பார்க்கத் தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

உகாண்டாவில் கதை வேறு. அங்கே உள்ளே வரும் எடை அதிகம், வெளியே போகும் எடை குறைவு. சரக்கை இறக்கிய லாரி பெரும்பாலும் காலியாகவே மொம்பாசாவுக்குத் திரும்புகிறது. அந்தக் காலிப் பயணத்தின் செலவும் போகும்போது சரக்கு கொடுத்தவர் தலையில்தான் விழும்.

எண்ணெயும் கடலில்லாமையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தெற்கு சூடான். எண்ணெய்க் கிணறு அவர்களிடம், குழாயும் துறைமுகமும் சூடானிடம். வழிக் கட்டணத் தகராறில் 2012 ஜனவரியில் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். அரசின் வருவாயில் ஏறக்குறைய எல்லாமே ஒரே மாதத்தில் நின்றது. அப்படிப்பட்ட நாட்டுக்கு முழு முன்பணம் இல்லாமல் ஒரு பீப்பாய்கூட அனுப்பாதீர்கள்.

படி 3: பழகுவதற்கு நேபாளம்

ஆப்பிரிக்காவில் தொடங்காதீர்கள். நேபாளமும் கடலில்லாத நாடுதான். நம் சரக்குக்கு நடுவில் மூன்றாவது நாடு எதுவும் இல்லை. பீகாரின் ரக்சௌல் வரை லாரி, தாண்டினால் பீர்கஞ்ச். இந்திய ரூபாயிலேயே விற்கலாம். அங்கேயும் பாடம் உண்டு: 2015 செப்டம்பரிலிருந்து சில மாதங்கள் எல்லை அடைபட்டுக் கிடந்தது, 2022 ஏப்ரலில் அந்நியச் செலாவணி கரைந்தபோது பெரிய மோட்டார் சைக்கிள் உள்ளிட்ட பல பொருள்களின் இறக்குமதியையே தடை செய்தார்கள். நஷ்டம் வந்தாலும் தாங்கக்கூடிய தூரத்தில் இதையெல்லாம் கற்றுக்கொள்ளலாம்.

படி 4: விலையை எந்த ஊர் வரை சொல்வது?

நம் பக்கத்தில் எல்லோரும் எஃப்ஓபி சென்னை (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) அல்லது சிஐஎஃப் (இறங்கும் துறைமுகம் வரை கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த விலை) என்றே பழகியிருக்கிறோம். சிஐஎஃப் மொம்பாசா என்று விலை சொல்லி, அதற்குமேல் தரைவழியை வாங்குகிறவரிடம் விடுவதுதான் முதல் சில ஆர்டர்களுக்கு நல்லது. கம்பாலா வரை நானே கொண்டுவந்து தருகிறேன் என்று உற்சாகத்தில் ஒப்புக்கொண்டால், கென்ய லாரிக்காரரிடம் கிருஷ்ணகிரியிலிருந்து போனில் பேரம் பேச வேண்டிவரும்.

கம்பாலா வரை கேட்டே தீருவேன் என்று வாங்குகிறவர் நின்றால் சிஐபி கம்பாலா (அந்த ஊர் வரை போக்குவரத்தும் காப்பீடும் சேர்ந்த விலை) என்று எழுதுங்கள். கன்டெய்னரில் போகும் சரக்குக்கு அதுதான் பொருத்தம். சிஐஎஃப்-இல் குறைந்தபட்சக் காப்பீடு போதும். இந்த விலைச் சொற்களுக்கான சர்வதேச விதிகளின் (இன்கோடெர்ம்ஸ்) 2020 பதிப்பின்படி சிஐபி-யில் எல்லா இடர்களுக்குமான காப்பீடு எடுக்க வேண்டும். அதற்கான பிரீமியத்தை விலையில் சேர்க்க மறக்காதீர்கள்.

காப்பீட்டில் ஒரு வரியைக் கட்டாயம் படியுங்கள். கிடங்கு முதல் கிடங்கு வரை என்று பத்திரத்தில் இருக்கும். கூடவே, கடைசித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கி 60 நாள் ஆனால் பாதுகாப்பு முடிந்துவிடும் என்றும் இருக்கும். கடலோர நாட்டுக்கு 60 நாள் தாராளம். துறைமுகத்தில் காகிதத் தகராறு, பிறகு எல்லையில் வரிசை என்று போனால் அது போதாமல் போகலாம். கூடுதல் நாள்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

படி 5: மூன்று முறை இறக்கி ஏற்றப்படும் என்று நினைத்துக் கட்டுங்கள்

அசெப்டிக் மாங்கூழை, அதாவது கிருமிநீக்கி அடைத்த கூழை எடுத்துக்கொள்வோம். ஒரு பீப்பாயில் சுமார் 215 கிலோ கூழ். இருபதடிப் பெட்டியில் 80 பீப்பாய், ஆகக் கூழ் மட்டும் 17 டன்னுக்கு மேல். வெளியே இரும்பு, உள்ளே ஒரு பாலிதீன் உறை, அதற்குள் கிருமிநீக்கிய பை. இரும்பு நசுங்கினால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். பையின் வாய் இருக்கும் இடத்தில் மூடி உரசிப் பை பொத்தலானால் கூழ் புளித்து உப்பி, அந்தப் பீப்பாய் மட்டுமின்றிப் பக்கத்து வரிசையும் நாறிவிடும்.

ஐரோப்பாவுக்குப் போகும் பெட்டி, பெரும்பாலும் ஆலையில் அடைத்தபடியே வாங்குகிறவரின் கிடங்கில்தான் திறக்கும். இங்கே அப்படி இல்லை. கப்பல் நிறுவனத்தின் பெட்டியைத் திருப்பித் தரும் தொல்லையைத் தவிர்க்க, துறைமுகத்திலேயே பெட்டியைத் திறந்து பீப்பாய்களைச் சாதாரண லாரிக்கு மாற்றுவது வழக்கம். ஃபோர்க்லிஃப்ட் இல்லாத இடத்தில் பீப்பாயைச் சாய்த்து உருட்டுவார்கள். எனவே:

- மூடியைச் சுற்றும் பட்டையின் பூட்டு எல்லாப் பீப்பாயிலும் ஒரே திசையில், உள்நோக்கி இருக்கட்டும். வெளியே துருத்தினால் உருட்டும்போது பிடுங்கிக்கொள்ளும்.
- இரண்டு அடுக்குக்கு நடுவில் தடித்த அட்டை அல்லது ஒட்டுப்பலகை வையுங்கள். மரப் பலகை, மரத்தட்டு என்றால் வெப்பச் சிகிச்சை செய்த முத்திரை வேண்டும். முத்திரை இல்லாத மரத்தை வழியிலுள்ள நாடே நிறுத்திவிடும்.
- தொகுப்பு எண், பிரிக்ஸ் (இனிப்பு) அளவு, காலாவதித் தேதி மூடியில் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் இருக்கட்டும். மேலே இன்னொரு பீப்பாய் இருந்தால் மூடியை யாரும் படிக்க முடியாது.

கிரானைட் அனுப்புகிறவர்களுக்குப் பிரச்சினை எடைதான். கிழக்கு ஆப்பிரிக்கச் சமூக நாடுகளில் லாரியும் சரக்கும் சேர்ந்து 56 டன் உச்சவரம்பு. அச்சுக்கு அச்சு தனி வரம்பும் உண்டு. பலகைகளைப் பெட்டியின் ஒரு பக்கமாகக் குவித்தால் மொத்த எடை சரியாக இருந்தும் அச்சு எடையில் மாட்டுவீர்கள். தாங்கு சட்டங்களை நடுவில் பரப்பி வையுங்கள். கப்பலேற்றுவதற்கு முன் சரிபார்த்த மொத்த எடையைத் தர வேண்டும் என்பது 2016 ஜூலை முதலே விதி. அந்த எடைமேடைச் சீட்டின் நகலை வாங்குகிறவரின் ஏஜென்டுக்கும் அனுப்பி வைத்தால் அங்கே அவருக்குப் பேச வசதி.

படி 6: காகிதம்

பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) இறங்கும் துறைமுகம் மொம்பாசா என்றும், கடைசி ஊர் கம்பாலா என்றும், உகாண்டாவுக்கு டிரான்சிட் (வழியாகக் கடந்து போகும்) சரக்கு என்றும் தெளிவாக இருக்க வேண்டும். டிரான்சிட் என்ற சொல் விடுபட்டால் கென்ய சுங்கத்துறை அதைத் தன் நாட்டில் விற்க வந்த சரக்காகவே பார்க்கும். திருத்தம் கேட்டுக் கப்பல் நிறுவனத்துக்குக் கட்டணம், அதுவரை துறைமுக வாடகை. வரைவு நகல் வந்ததும் அவசரமாக 'ஓகே' போட்டு அனுப்பிவிடாமல், வாங்குகிறவரின் ஏஜென்டைப் படிக்கச் சொல்லுங்கள்.

இன்வாய்ஸ், பேக்கிங் பட்டியல், பில் ஆஃப் லேடிங் மூன்றிலும் பொருளின் பெயரும் எடையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். கடலோர நாட்டில் ஒரு சுங்கத்துறை பார்க்கும் காகிதத்தை இங்கே இரண்டு சுங்கத்துறைகள் பார்க்கின்றன. உகாண்டா, உணவுப் பொருள் உள்ளிட்ட பலவற்றுக்குக் கப்பலேறும் முன்பே தரச் சான்று கேட்கிறது. பெட்டியை அடைத்து முத்திரை வைத்த பிறகு அதைப் பெற முடியாது. ஆய்வாளரை ஆலைக்கே வரவழைத்துவிடுங்கள்.

கொஞ்சம் நல்ல செய்தியும் உண்டு. 2014 முதல் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரே சுங்கப் பரப்பு முறை வந்திருக்கிறது. சரக்கு மொம்பாசாவில் இருக்கும்போதே உகாண்டா வரியைக் கட்டிவிடலாம். ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவிலுள்ள சிருண்டுவில் 2009 முதல் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில் சோதிக்கிறார்கள். ஜாம்பியா, போட்ஸ்வானா எல்லையிலுள்ள கசுங்குலாவில் படகுக்காகக் காத்துக் கிடந்த லாரிகளுக்கு 2021-இல் பாலம் வந்தது.

படி 7: காலிப் பெட்டியின் கணக்கு

விலைப்பட்டியலில் இருக்காது, லாபத்தை விழுங்கும். பெட்டி கப்பல் நிறுவனத்தின் சொத்து. இலவச நாள்களுக்குள் காலியாகத் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்று டாலரில் வாடகை. துறைமுக நகரத்துக்கு ஏழு நாள் போதும். 1,100 கிலோமீட்டர் போய் வருவதற்கு அது ஆகவே ஆகாது. கப்பல் இடம் பிடிக்கும்போதே உள்நாட்டுப் பயணத்துக்கான கூடுதல் இலவச நாள்களைக் கேட்டு மின்னஞ்சலில் வாங்குங்கள். சரக்கு புறப்பட்ட பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள். பெட்டிக்கு வைப்புத்தொகை யார் கட்டுவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

பழைய பெட்டியை நாமே வாங்கி அனுப்பி அங்கேயே விற்றுவிடலாம் என்று ஓர் ஆலோசனை சுற்றுகிறது. தொடர்ந்து ஆர்டர் இருப்பவர்களுக்குச் சரிப்படலாம். ஆண்டுக்கு இரண்டு பெட்டி அனுப்புகிறவர் பழைய இரும்பு வியாபாரத்திலும் இறங்க வேண்டுமா?

படி 8: பணம்

'அண்ணா, எல்சி வந்துவிட்டது, இனி என்ன பயம்?' என்று போச்சம்பள்ளியில் ஒரு தம்பி கேட்டார். எல்சி என்பது வாங்குகிறவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்; அதை எந்த வங்கி திறந்தது என்பதில்தான் பயமே. அந்த நாட்டு வங்கி உறுதி கொடுத்தாலும், அதன் கையில் டாலர் இல்லையென்றால் காகிதம் காகிதமாகவே இருக்கும். எத்தியோப்பியாவில் 2024 ஜூலையில் நாணய மதிப்பைச் சந்தையிடம் விடும் வரை இறக்குமதியாளர்கள் டாலருக்காக நீண்ட வரிசையில் நின்றார்கள். வியாபாரிக்கு மனமிருந்தும் கட்ட வழியில்லை. ஆகவே வேறொரு நாட்டின் வலுவான வங்கி உறுதி சேர்த்த எல்சி மட்டுமே வாங்குங்கள். அதற்கான கட்டணத்தை யார் ஏற்பது என்று முன்பே பேசுங்கள்.

எல்சி இல்லாத சிறிய ஆர்டருக்கு முன்பணம், குறைந்தபட்சம் போய் வரும் கப்பல் கட்டணமும் உங்கள் அடக்கச் செலவும் சேர்ந்த அளவுக்கு இருக்க வேண்டும். மீதியை, பில் ஆஃப் லேடிங் நகலைக் காட்டி, மூலத்தைக் கொடுக்கும் முன் வாங்குங்கள். ஈசிஜிசி (ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனம்) காப்பீடு எடுக்கும்போது அந்த நாட்டை எந்த வகையில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கட்டுப்பாட்டுடன் மட்டுமே காப்பீடு என்றிருந்தால், உங்களைவிட அதிகத் தகவல் உள்ள ஒருவர் தயங்குகிறார் என்று பொருள்.

படி 9: சரக்கு நடுவழியில் நின்றால்

வாங்குகிறவர் கைவிட்டால் சரக்கு மூன்றாம் நாட்டுத் துறைமுகத்தில் அநாதையாகிவிடும். அங்கே உங்களுக்கு அலுவலகம் இல்லை, அவருக்கும் இல்லை. திரும்பக் கொண்டுவர அவருடைய ஆட்சேபமின்மைக் கடிதம் கேட்பார்கள். அதற்குள் வாடகை ஏறும். கெடு தாண்டினால் சுங்கத்துறை ஏலம். அந்தக் கடிதத்தை முன்பணம் வாங்கும்போதே, இத்தனை நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் சரக்கை வேறொருவருக்கு மாற்ற எனக்கு உரிமை உண்டு என்ற வாசகத்தோடு கையெழுத்திட்டு வாங்கிவிடுங்கள். துறைமுக நாட்டிலேயே, நைரோபியிலோ டார் எஸ் சலாமிலோ, ஒரு பழச்சாறு நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரியோடு மின்னஞ்சல் தொடர்பு வைத்திருங்கள். சிக்கல் வந்தால் பத்து சதவீதம் குறைத்து அவரிடம் தள்ளிவிடலாம்.

படி 10: நாள்காட்டி

தோத்தாபுரிக் கூழ் ஜூன், ஜூலையில் ஆலையில் ஓடும். கிழக்கு ஆப்பிரிக்காவின் நீண்ட மழை மார்ச் முதல் மே வரை, குறுகிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆகஸ்டில் கப்பலேற்றினால் காய்ந்த சாலையில் போய்ச் சேரும். இந்தக் கணக்கில் ஒரு முள் உண்டு: கென்யாவின் பொதுத் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆகஸ்டில் வரும், அடுத்தது 2027-இல். அந்த ஆண்டுக் கூழுக்கு மொம்பாசாவோடு நிறுத்தாமல், டார் எஸ் சலாம் வழிக்கும் கப்பல் கட்டணமும் லாரி வாடகையும் கேட்டு, இரண்டு விலைகளையும் வாங்குகிறவரிடம் ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள்.